இரத்தத்தை அளக்கும் தராசும் சரியாக இருக்க வேண்டும்



கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ குறைந்தாலும் நாம் பேசாமல் இருப்பதில்லை. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு என்று கழிக்கும்போது கணக்கப்பிள்ளையிடம் கேட்கிறோம். அவர் பதில் சொல்லாவிட்டால் தோட்டத் தலைவர் கேட்கிறார். அதற்கும் பதில் இல்லையென்றால் சங்கம் கேட்கிறது. கரும்புத் தோட்டத்திலும் அப்படித்தான். ஹிங்குரான சீனித் தொழிற்சாலைக்குக் கரும்பு வெட்டி ஏற்றி அனுப்பும் அம்பாறை மாவட்டத் தோழர்கள் நிறுவைச் சீட்டைப் பார்க்காமல் மடித்து மடியில் வைப்பதில்லை.

ஆனால் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சின்ன மிசினில் வைத்து, "உங்களுக்குச் சீனி இருக்கு" என்று சொன்னால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். "இல்லை" என்றால் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுகிறோம். மிசின் சரியா, இரத்தம் எடுத்த நேரம் சரியா, எந்த அளவை வைத்து அப்படிச் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கொழுந்துத் தராசு பிழைத்தால் போவது சம்பளத்தில் ஒரு பங்கு. இந்தத் தராசு பிழைத்தால் போவது பெரிது. நோய் உள்ளவருக்கு இல்லையென்று சொன்னால் கண்ணும் காலும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் கெடும். நோய் இல்லாதவருக்கு இருக்கிறதென்று சொன்னால் வீண் மாத்திரை, வீண் பயம், வீண் செலவு. கிளிபென்கிளமைட் போன்ற சில மாத்திரைகளைத் தேவையில்லாமல் விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் மலையில் நின்றால், சீனி இறங்கி மயங்கி விழவும் கூடும்.

ஆகவே சீனி வருத்தத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகள் எவ்வளவு நம்பத்தக்கவை, அவை எங்கே பிழைக்கும், நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதை இம்முறை தலையங்கமாக எழுதுகிறோம். ஏற்கெனவே மருந்து எடுத்துவரும் தோழர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை: இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் டொக்டரிடம் கேளுங்கள். மருந்து எடுக்கும்போது சீனி சரியான அளவில் இருப்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம். நோய் போய்விட்டதென்று அதற்கு அர்த்தமில்லை.

தெரியாமல் இருப்பவர்கள்

இலங்கையில் நீரிழிவு பற்றி நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்தது. அதன் முடிவு 2008இல் வெளியானது. இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவில், அதாவது 10.3 சதவீதம் பேருக்கு, இந்த நோய் இருந்தது. நோய் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோருக்கு, பரிசோதனை செய்யும் வரை அது தெரியாது.

அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் நடந்தது. யுத்த காலம் என்பதால் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. சம்மாந்துறையும் கல்முனையும் அக்கரைப்பற்றும் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே அந்தக் காலத்து எண்களை வாசிக்கும்போது, அதில் நம் பக்கத்து ஆட்கள் ஒருவரும் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"நாங்கள் நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறோம், கரும்பு வெட்டுகிறோம், எங்களுக்கு எங்கே சீனி வரும்" என்று சொல்பவர்கள் உண்டு. உடல் உழைப்பு ஆபத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் முழுதாகத் தடுக்காது. தாய் தகப்பனுக்கு இருந்தால், வயிற்றில் சதை போட்டால், வயது ஏறினால், உழைக்கும் உடம்புக்கும் வரும். மூன்று நேரமும் சோறோ ரொட்டியோதான் சாப்பாடு, இடையிடையே சீனி போட்ட தேத்தண்ணி என்று வாழும் குடும்பங்கள் நம்மிடம் அதிகம். ஆகவே பரிசோதனை தேவை என்பதில் சங்கத்துக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்தப் பரிசோதனை சரியாக நடக்க வேண்டும் என்பதே நமது பேச்சு.

மூன்று பரிசோதனை, மூன்று அளவு

முதலாவது, வெறும் வயிற்றில் கையின் நாளத்திலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்தில் பார்ப்பது. எட்டு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் இருந்து எடுத்த இரத்தத்தில் குளுக்கோஸ் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு எனக் கொள்வார்கள். சில ஆய்வுகூடங்கள் இதையே 7.0 என்று வேறு அலகில் அச்சிடும். அப்படி வந்தால் 18ஆல் பெருக்கிப் பாருங்கள், 126 வரும்.

இரண்டாவது, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்ப்பது. 200 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. வெறும் வயிற்றில் சரியாக இருந்து, சாப்பிட்ட பிறகு மட்டும் ஏறுகிற ஆட்கள் நம் தெற்காசிய மக்களிடம் பலர் உண்டு. அவர்களைப் பிடிப்பது இந்தப் பரிசோதனைதான். ஆனால் இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, எச்.பி.ஏ.1சி. இரத்தத்தில் உள்ள சிவப்பு அணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அந்த நாட்களில் இரத்தத்தில் ஓடும் சீனி அந்த அணுவின் ஈமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாத நிலவரம் தெரியும். விரலில் குத்திப் பார்ப்பது ஒரு நாள் பேர் போடுவது போல என்றால், இது மூன்று மாதச் செக்ரோலைப் புரட்டிப் பார்ப்பது போல. சாப்பிட்டுவிட்டும் வரலாம், காத்திருக்க வேண்டாம். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் நீரிழிவு என்று சொல்லலாம் என உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஏற்றுக்கொண்டது.

இந்த மூன்றும் எப்போதும் ஒரே ஆளையே காட்டுவதில்லை. 2010இல் சென்னையில் ஓர் ஆய்வின் முடிவு வந்தது. நீரிழிவு இருப்பதாக முன்பு தெரியாத 2,188 பேரிடம் மூன்று பரிசோதனையையும் வைத்துப் பார்த்தார்கள். குளுக்கோஸ் குடிக்கும் பரிசோதனையை அளவுகோலாக வைத்தால், எச்.பி.ஏ.1சியின் பொருத்தமான எல்லை 6.1 என்று வந்தது. வெறும் வயிற்று இரத்தத்தை அளவுகோலாக வைத்தால் 6.4 என்று வந்தது. ஒரே ஊர், ஒரே மக்கள், எல்லைக் கோடு மட்டும் வேறு. ஒரு பரிசோதனையில் தப்பியவர் இன்னொன்றில் அகப்படலாம் என்பதுதான் இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இரத்தசோகை எங்கே குறுக்கிடுகிறது

நம் தோட்டப் பெண்களுக்கு இது மிகவும் முக்கியம். எச்.பி.ஏ.1சி பரிசோதனை சிவப்பு அணுவை நம்பி இருக்கிறது. அணுவே சரியில்லாவிட்டால் செக்ரோல் புத்தகமே சரியில்லை என்று அர்த்தம்.

இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையில், சிவப்பு அணுக்கள் வழக்கத்தைவிட அதிக நாள் இரத்தத்தில் சுற்றுகின்றன. சீனி ஒட்டிக்கொள்ள அதிக நாள் கிடைக்கிறது. அதனால் சீனி ஏறாமலே எச்.பி.ஏ.1சி கூடுதலாகக் காட்டும். இரும்பு மாத்திரை ஒழுங்காக எடுத்து இரத்தம் தேறியதும் அதே எண் இறங்கும்.

தலசீமியா போன்ற பரம்பரை இரத்தக் குறைபாடு இருந்தாலோ, வேறு காரணத்தால் அணு சீக்கிரம் அழிந்தாலோ, அண்மையில் இரத்தம் அதிகம் போயிருந்தாலோ, இரத்தம் ஏற்றியிருந்தாலோ நிலைமை எதிர்மாறு. அணு சீக்கிரம் செத்துப் புது அணு வருவதால், உண்மையில் சீனி ஏறியிருந்தாலும் எண் குறைவாக வரும். தலசீமியா இலங்கைக்குப் புதிய நோய் அல்ல. அதற்கென்றே குருநாகலில் தேசிய நிலையம் இயங்குகிறது. தலசீமியாவின் ஒரு கூறு மட்டும் உடம்பில் இருப்பவருக்கு நோய் போல ஒன்றும் தெரியாது. அது இருக்கிறதென்றே தெரியாமல் ஆயுள் முழுக்க வேலை செய்பவர்கள் உண்டு.

விரலில் குத்தும் மிசினும் இரத்தசோகையால் பிழைக்கும். அணு குறைந்த, தண்ணீர்ப் பதமான இரத்தத்தில் பல மிசின்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். வெயிலில் வேலை செய்து தண்ணீர் வற்றி இரத்தம் கெட்டியான ஆளுக்குக் குறைவாகக் காட்டக்கூடும். ஆகவே, மதிய வெயிலில் கரும்புக் காட்டிலிருந்து நேரே வந்து விரலை நீட்டும் தோழருக்கு வரும் எண்ணையும், இரத்தசோகையோடு இருக்கும் கொழுந்து பறிக்கும் தோழிக்கு வரும் எண்ணையும் ஒரே மாதிரி நம்ப முடியாது.

விரல் மிசினின் எல்லை

குளுக்கோமீட்டரை நாம் குறை சொல்லவில்லை. வீட்டில் வைத்துப் பார்க்க, முகாமில் விரைவாகப் பார்க்க அது நல்ல கருவி. ஆனால் நோய் இருக்கிறதா என்று தீர்மானிக்க அது செய்யப்படவில்லை.

இந்த மிசின்களுக்கு 2013இல் வந்த சர்வதேசத் தர விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். 100க்கு மேற்பட்ட அளவுகளில், நூறு தடவை பார்த்தால் 95 தடவை, ஆய்வுகூட அளவுக்கு 15 சதவீதம் மேலே அல்லது கீழே வரலாம். அதுவே ஏற்றுக்கொண்ட தரம். உண்மையான அளவு 126 என்றால், நல்ல மிசினும் 107 என்றோ 145 என்றோ காட்டலாம். 107 வந்தால் "கொஞ்சம் கவனமாக இருங்க" என்பார்கள். 145 வந்தால் "உங்களுக்குச் சீனி" என்பார்கள். ஆள் ஒருவர்தான்.

இதற்கு மேல் நம் பழக்கங்களால் வரும் பிழைகள் உண்டு. ஸ்ட்ரிப் போத்தலின் மூடியைத் திறந்தே வைத்தால் ஈரக்காற்று பட்டு ஸ்ட்ரிப் கெடும். லயத்துக் கூரையின் கீழ் சூட்டில் கிடந்தாலும், திகதி முடிந்திருந்தாலும் கெடும். கை கழுவாமல் குத்தினால் விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பும் சேர்ந்து வரும். ஜப்பானில் 2011இல் இதைச் சோதித்தார்கள். பழம் உரித்த கையோடு பார்த்தபோது எண் வெகுவாக ஏறியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் முழுதாகச் சரியாகவில்லை. தண்ணீரில் கழுவியதும் சரியாகிவிட்டது. கரும்பு வெட்டிய கையும் அப்படிப்பட்ட கைதான். சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவித் துடைத்துக் காய்ந்த பிறகே விரலைக் கொடுங்கள்.

ஆய்வுகூடத்துக்குப் போகும் வழியிலும் பிழை

நாளத்திலிருந்து எடுத்த இரத்தம் என்றாலே சரியாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். குழாயில் எடுத்த இரத்தத்தில் உள்ள அணுக்கள் உயிரோடுதான் இருக்கும். அவை அந்த இரத்தத்தில் உள்ள சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண வெப்பத்தில், அணுவைப் பிரிக்காமல் வைத்தால், மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸ் குறையும். சூடு கூடினால் இன்னும் வேகமாகக் குறையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மை அளவு 130. தூரத்துத் தோட்டத்தில் எடுத்த இரத்தம் வேன் வரும் வரை காத்திருந்து, டவுன் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர இரண்டு மணித்தியாலம். எண் 112க்கும் 117க்கும் இடையில் வந்து நிற்கும். நோய் உள்ளவருக்கு நோய் இல்லை என்று தாளில் எழுதப்படும். அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. தூரம்தான் பிழை செய்தது. தூரத்தில் இருப்பவர்கள் நாம் என்பதால் இந்தப் பிழை நமக்கே அதிகம்.

இதற்கு மருந்து இருக்கிறது. குளுக்கோஸ் பார்க்கும் இரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட, ஃபுளோரைட் உள்ள குழாயில் எடுக்க வேண்டும். எடுத்ததும் ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். சீக்கிரம் அணுவைப் பிரிக்க வேண்டும். ஃபுளோரைட்டும் உடனே வேலை செய்வதில்லை, முதல் ஒன்றிரண்டு மணித்தியாலம் குறைவு தொடரும். ஆகவே குழாய் மட்டும் போதாது, ஐஸும் வேகமும் தேவை.

வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் தோழிகளுக்கு

கர்ப்ப காலத்தில் எச்.பி.ஏ.1சி நம்பத்தக்க பரிசோதனை அல்ல. கர்ப்பத்தில் அணுக்கள் மாறும் வேகம் வேறு, இரத்தசோகையும் அதிகம். கர்ப்ப கால நீரிழிவைப் பிடிக்க 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கும் பரிசோதனையே பொருத்தம், முக்கியமாக 24 முதல் 28 வாரத்துக்குள்.

அதையும் வெறும் வயிற்றில் செய்ய வேண்டுமா என்ற கேள்விக்குச் சென்னையில் இருந்தே இரண்டு பதில் வந்தன. டொக்டர் வீ. சேஷையா முன்வைத்த முறையில் தாய் சாப்பிட்டிருந்தாலும் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தடவை பார்த்தால் போதும், 140க்கு மேல் என்றால் நோய். தூரத்துக் கிராமப் பெண்களை வெறும் வயிற்றில் வரச் சொல்வது கஷ்டம் என்பதால் அது வசதியான முறை. 2014இல் சென்னையில் டொக்டர் வீ. மோகன் குழுவினர் அந்த முறையை, வெறும் வயிற்றில் செய்யும் முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வரையறைப்படி நோய் இருந்த பெண்களில், நூற்றுக்கு 28 பேர் அளவிலேயே சாப்பிட்டுவிட்டுச் செய்த பரிசோதனையில் அகப்பட்டார்கள். மற்றவர்கள் தப்பிப் போனார்கள். நோய் இல்லாதவர்களை அந்தப் பரிசோதனை வீணாகப் பயமுறுத்தவில்லை, நூற்றில் 97க்கு மேற்பட்டோரைச் சரியாகவே விட்டது. நோய் உள்ளவரைப் பிடிப்பதில்தான் அது தவறியது.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வசதியான பரிசோதனையும் சரியான பரிசோதனையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வசதிக்காகச் செய்வதென்றால் அதன் குறையைத் தாய்க்குச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். மிட்வைஃப் அம்மாவிடம் கேளுங்கள்: "வெறும் வயிற்றில் வரட்டா?" என்று.

ஒரு தோட்டத்துக் கணக்கு

ஒரு பரிசோதனையை எடை போட இரண்டு கேள்வி போதும். நோய் உள்ளவர் நூறு பேரில் எத்தனை பேரைப் பிடிக்கிறது? நோய் இல்லாதவர் நூறு பேரில் எத்தனை பேரைச் சரியாக விடுகிறது?

விளங்குவதற்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்தில் பெரியவர்கள் 1,000 பேர். அவர்களில் 100 பேருக்கு உண்மையில் நோய். முகாமில் செய்யும் விரல் பரிசோதனை நோய் உள்ள நூறு பேரில் 80 பேரைப் பிடிக்கிறது, நோய் இல்லாத நூறு பேரில் 90 பேரைச் சரியாக விடுகிறது என்று வைப்போம். கேட்க நல்ல பரிசோதனை போலத்தான் இருக்கிறது.

நோய் உள்ளவர்களில் 80 பேர் அகப்படுவார்கள், 20 பேர் தப்புவார்கள். நோய் இல்லாத 900 பேரில் பத்தில் ஒருவர், அதாவது 90 பேர், வீணாக அகப்படுவார்கள். "உங்களுக்குச் சீனி" என்று சொல்லப்பட்டவர்கள் மொத்தம் 170 பேர். அவர்களில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 80 பேர்தான். பாதிக்கு மேல் வீண் பயம். "இல்லை" என்று அனுப்பப்பட்டவர்களில் 20 பேருக்கு நோய் இருக்கிறது.

இரண்டாவது பரிசோதனை கேட்பது டொக்டரைச் சந்தேகிப்பது ஆகாது. தாகம், அடிக்கடி சலம், மெலிவு என்ற குணங்குறி இல்லாத ஒருவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து நீரிழிவு என்று முடிவு கட்டக்கூடாது, இன்னொரு தடவை உறுதிப்படுத்த வேண்டும் என்பது மருத்துவ உலகத்தின் சொந்த விதி. குணங்குறியும் இருந்து, எந்த நேரத்தில் எடுத்த இரத்தமானாலும் 200ஐத் தாண்டியிருந்தால் மட்டும் தாமதிக்கத் தேவையில்லை. காய்ச்சல், பெரிய காயம், ஸ்டெரொய்ட் மாத்திரை ஆகியவற்றாலும் சீனி சில நாள் ஏறும். அப்படி இருந்தால் பரிசோதிப்பவரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

வெறும் வயிறு என்றால் என்ன

மலையகத்தில் காலையில் ஒரு கோப்பை சாயத்தண்ணி குடிக்காமல் பெரட்டுக்குப் போகிறவர் குறைவு. "வெறும் தேத்தண்ணிதானே, சாப்பிடவில்லையே" என்று சொல்வார்கள். சீனி போட்ட தேத்தண்ணி குடித்தால் அது வெறும் வயிறு அல்ல. பச்சைத் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும்.

சம்மாந்துறை, கல்முனைப் பக்கத்தில் றமழான் மாதத்தில் இன்னொரு குழப்பம். "நோன்பு பிடித்திருக்கிறேன், அப்படியே இரத்தம் கொடுத்துவிடலாம்" என்று காலை எட்டு மணிக்குப் போவார்கள். நாலரைக்குச் சஹர் சாப்பிட்டிருந்தால் எட்டு மணிக்கு மூன்றரை மணித்தியாலம்தான் ஆகிறது. அது சாப்பிட்ட பிறகு எடுத்த இரத்தம். எட்டு மணித்தியாலம் கழிய ளுஹர் நேரம் ஆகிவிடும். மதியத்துக்குப் பின் எடுக்கும் அளவு காலை அளவைவிடக் குறைவாக வரக்கூடும் என்பதால் அதுவும் சரியான ஒப்பீடு அல்ல. முதல் தடவை நோய் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் நோன்புக்கு முன்பே, அல்லது பெருநாள் கழிந்த பிறகு செய்வது நல்லது. குணங்குறி உள்ளவர்கள் காத்திருக்க வேண்டாம். பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பதால் நோன்பு முறியாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை 1997இல் ஜித்தாவில் தீர்மானித்திருக்கிறது. மேலும் சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கத்தின் கோரிக்கைகள்

தோட்டத் தொழிலாளரின் வைத்திய வசதிக்குத் தோட்ட நிர்வாகம் பொறுப்பு என்பது புதுக் கோரிக்கை அல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1912ஆம் ஆண்டு, மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அதை எழுதி வைத்தது. நூறு ஆண்டுக்கு முன் அந்தப் பொறுப்பு மலேரியாவும் கொக்கிப் புழுவும் பற்றியது. இன்று அது சீனி வருத்தமும் பிரஷரும் பற்றியது. ஆகவே நிர்வாகங்களிடமும் சுகாதார அதிகாரிகளிடமும் நாம் கேட்பவை இவை:

1. வெறும் வயிற்றுப் பரிசோதனை பெரட்டுக் களத்திலேயே, வேலை தொடங்கும் முன் நடக்க வேண்டும். இரத்தம் கொடுத்ததும் தேத்தண்ணியும் பனிஸும் கொடுக்க வேண்டும். டவுன் வைத்தியசாலைக்கு அனுப்பினால் அன்று முழுப் பேர் போட வேண்டும். அரைப் பேருக்குப் பயந்து ஒருவரும் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

2. விரல் மிசினில் கூடுதலாக வந்தவர் எல்லோருக்கும் இரண்டு வாரத்துக்குள் நாளத்து இரத்தத்தில் உறுதிப்படுத்தும் பரிசோதனை. போக வர வாகனம் தோட்டத்தின் பொறுப்பு.

3. எச்.பி.ஏ.1சி பார்க்கும்போது ஈமோகுளோபின் அளவும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரத்தசோகை உள்ளவருக்கு எச்.பி.ஏ.1சியை மட்டும் நம்பி முடிவு கூறக் கூடாது.

4. டிஸ்பென்சரியில் உள்ள குளுக்கோமீட்டரைச் சோதனைத் திரவம் போட்டு ஒழுங்காகச் சரிபார்த்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுத வேண்டும். கடைத் தராசுக்கும் கொழுந்துத் தராசுக்கும் முத்திரை குத்த அரசாங்கத்தில் ஒரு திணைக்களமே இருக்கிறது. நம் இரத்தம் அளக்கும் மிசினுக்கு ஒரு கொப்பியாவது இருக்கட்டும்.

5. தூரத் தோட்டங்களுக்குச் சாம்பல் மூடிக் குழாயும் ஐஸ் பெட்டியும் வேண்டும்.

6. முடிவைத் தமிழில் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். திகதி, நேரம், வெறும் வயிறா சாப்பிட்டதா, விரலா நாளமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாள் தொழிலாளிக்கும் டொக்டருக்கும் உரியது. அதைக் காட்டி வேலையில் இருந்து நிறுத்தவோ, இலகு வேலை என்று சம்பளத்தைக் குறைக்கவோ நிர்வாகத்துக்கு உரிமை இல்லை.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை நிறைவேறும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அரசாங்க வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் இயங்குகின்றன. அங்கே பரிசோதனை இலவசம். நாற்பது வயதைத் தொட்டவர்களும், தாய் தகப்பனுக்குச் சீனி உள்ள இளையவர்களும், கர்ப்ப காலத்தில் சீனி இருந்த தாய்மாரும் போய்ப் பாருங்கள்.

போகும்போது ஐந்து கேள்வியைக் கையோடு கொண்டு போங்கள். இது விரல் அளவா, ஆய்வுகூட அளவா? எட்டு மணித்தியாலம் ஆகிவிட்டதா? எனக்கு இரத்தசோகை இருந்தால் இந்த எண்ணை நம்பலாமா? இன்னொரு தடவை எப்போது பார்க்க வேண்டும்? முடிவை எழுதித் தருவீர்களா? மரியாதையாகக் கேட்டால் நல்ல டொக்டர்களும் தாதிமாரும் கோபிக்க மாட்டார்கள். கேள்வி கேட்கிற ஆள் மருந்தையும் ஒழுங்காக எடுப்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

இலவசப் பரிசோதனை என்று லயத்துக்கு வந்து விரலில் குத்திவிட்டு, எண் கூட என்று சொல்லிப் பொடியும் கஷாயமும் விற்கிறவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். பரிசோதிப்பவரே மருந்தும் விற்றால், அந்த எண்ணை ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்தும் வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கிளைத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தோழிகளுக்கும்: அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்த ஆறு கோரிக்கைகளையும் வாசியுங்கள். உங்கள் டிஸ்பென்சரியில் மிசின் இருக்கிறதா, ஸ்ட்ரிப்பின் திகதி என்ன, இரத்தம் எங்கே போகிறது, முடிவு வர எத்தனை நாள் ஆகிறது என்று விசாரித்து எழுதி அனுப்புங்கள். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்குச் சம்பளக் கணக்கோடு இந்தக் கணக்கையும் எடுத்துப் போவோம்.